பத்து சென்டிமீட்டர் முடி

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி கறுத்தது, வரவில்லை. லேசர் அறை ஏ.சி. மறுபடி சொட்டுகிறது. ஊரிலேயே இந்த மாதிரி மிஷின் நம்மிடம் மட்டும்தான் என்று எம்.டி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதன் பக்கத்தில் நீல பக்கெட். வாழ்க.

இன்று:
- துறைமுகத்திலிருந்து பழைய இரும்புத் துண்டு 4
- உப்பு வில்லை 2
- ஆர்கான் சிலிண்டருக்குப் போன் (மூன்றாவது முறை)
- முழங்கால் தைலம்

மதியம் கல்லூரிப் பிள்ளைகள் பார்வையிட வந்தார்கள். வழக்கமான பாட்டைப் பாடினேன். கரைக்க வேண்டாம், ஆசிட் வேண்டாம். துண்டை அப்படியே பெட்டிக்குள் வைத்து லேசரால் சுட்டால் பொடி புகையாகக் கிளம்பும். அந்தப் புகையை பிளாஸ்மா எரித்து அணு அணுவாகப் பிரிக்கும். மாஸ் ஸ்பெக் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும், இதில் ஈயம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று. ஒரு பெண் கேட்டாள், "மிஷின் தப்பா சொல்லுமா மேடம்?" சொல்லாது, ஆள்தான் தப்பாக வைப்பார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

நான்கு மணிக்கு வசந்தி போன். குழந்தை டாக்டர், கல்லூரி நாளிலிருந்து வா போ பழக்கம். குரலே சரியில்லை. ஜெனிக்கு வலிப்பு வந்துவிட்டதாம், சனிக்கிழமை இரண்டு தடவை. வார்டில் சேர்த்திருக்கிறாள். ரத்தத்தில் ஈயம் ஆகஸ்டில் இருந்ததைவிட இப்போது கூடுதல்.

"குறையணுமே, கிரேஸ். நீ குறையுதுன்னுதானே சொன்ன?"

குறைகிறது என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பக்கெட் நிறைந்து வழிந்தது. தரை துடைத்தேன். சாளை மீன் வாங்கினேன், சமைக்கவில்லை, ஃப்ரிட்ஜில் கிடக்கிறது.

ஆகஸ்ட் பைலை எடுத்துப் பார்த்தேன். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

ஜெனி, ஆறு வயது. வயிற்றுவலி, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடத்தில் மந்தம். வசந்தி ரத்தம் பார்த்தாள், ஈயம். எங்கேயிருந்து? இரண்டு வீட்டின் மேலும் சந்தேகம். அம்மா ரோஸ்லினுக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல், கடலோரம். அவள் இரண்டாவது பிரசவத்துக்குப் போனபோது ஜெனியும் கூடப் போய் ஐந்து மாதம் தாத்தா வீட்டில் இருந்தாள். தாத்தா வலைக்கு ஈயக்குண்டு வீட்டு அடுப்பிலேயே உருக்கி ஊற்றுகிறவர். பிறகு ஐந்து மாதம் மாப்பிள்ளையூரணியில், அப்பா வீட்டில். அப்பா செந்திலுக்கு, ஈயம் எடுக்கப் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகையில் வேலை. அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று சத்தியம் பண்ணினானாம்.

எந்த வீடு? அதுதான் கேள்வி. அந்த வீட்டிலிருந்து பிள்ளையை எடுத்தாக வேண்டும்.

போன வருடம் அக்டோபரில் நேர்ச்சைக்கு மொட்டை போட்டிருக்கிறார்கள். அப்புறம் வளர்ந்த முடி பத்து சென்டிமீட்டர். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். பத்து சென்டிமீட்டர், பத்து மாதம். வேரிலிருந்து நுனி வரை லேசரை ஓட்டினால் எந்த மாதம் எவ்வளவு ஈயம் உடம்பில் ஏறியது என்று கோடாக வந்துவிடும். இந்த யோசனையை வசந்திக்குச் சொன்னதே நான்தான். அன்றைக்கு எவ்வளவு பெருமை எனக்கு.

கோடு அழகாக வந்தது. நுனிப் பக்கம் ஐந்து சென்டிமீட்டர் மலை மாதிரி, வேர்ப் பக்கம் ஐந்து சென்டிமீட்டர் சமவெளி. அதாவது புன்னைக்காயலில் ஏறியது, மாப்பிள்ளையூரணிக்கு வந்தபின் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் கழித்து தாத்தா புது வலைக்கு ஈயம் ஊற்றினார் என்று வீட்டில் சொன்னார்கள். அதுவும் பொருந்திப்போனது. பிள்ளையை இப்போது இருக்கிற இடத்திலேயே வையுங்கள், புன்னைக்காயலுக்கு அனுப்பாதீர்கள் என்று எழுதிக்கொடுத்தேன்.

அப்படியானால் இப்போது ஏன் கூடுகிறது? எலும்பில் தங்கியது திரும்ப ரத்தத்துக்கு வரும். காய்ச்சல் வந்தால் அப்படி நடக்கும், படித்திருக்கிறேன். வசந்தியிடம் அதையே சொன்னேன். "இருக்கலாம்"னாள். அவளுக்கும் நம்ப வேண்டியிருந்தது.

அக்டோபர் 8, புதன்

இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

பதினோரு மணிக்கு ரோஸ்லின் லேபுக்கு வந்தாள். முதல் தடவை பார்க்கிறேன். முப்பது இருக்கும். இடுப்பில் கைப்பிள்ளை. கண் உள்ளே போயிருந்தது.

"மேடம், மிச்ச முடி இருக்கா? நேர்ச்சை முடி. இந்த வருசமும் மொட்ட போட்டுக் கோவில்ல குடுக்கேன்னு வேண்டியிருந்தேன். பிள்ள இப்ப ஆஸ்பத்திரில கெடக்கா. இதயாவது குடுத்துட்டு வாரேன்."

இருக்கிறது என்றேன். அலமாரியிலிருந்து கவரை எடுத்தேன். எலிவால் சடை ஒன்று, சிவப்பு ரிப்பனோடு. வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தானாகவே பேசினாள். வீட்டில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை போல.

"உங்க ரிப்போர்ட் வந்த அன்னைக்கு மாமியா சொன்னாவ, உங்கப்பன் வீட்டு ஈயம்தான் எம்பேத்தியக் கொல்லுதுன்னு. நானும் எங்கப்பாவ வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன் மேடம். இனிமே எம்பிள்ளையத் தொடாதீங்கன்னுட்டேன். அவிய ஈயம் ஊத்துத அச்சத் தூக்கிக் கடல்ல போட்டுட்டாவ. காலாண்டு லீவுக்கு பத்து நாள் பிள்ளைய அனுப்புன்னு கெஞ்சுனாவ. நான் அனுப்பல."

ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சடையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு ரெட்டச் சட பின்னி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போவ நின்னா. டாக்டரம்மா முடி கேட்டாவளேன்னு ஞாவம் வந்து காதுகிட்ட வச்சி ஒண்ண வெட்டிட்டேன். ரிப்பனக்கூட அவுக்கல."

தலையாட்டினேன். அவள் கைப்பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றுகிற நேரத்தில்தான் அது எனக்கு உறைத்தது.

"ரிப்பன் எந்தப் பக்கம் கட்டுவீங்க?"

"சடைக்குக் கீழதான். வேற எங்கன கட்டுவாவ?" லேசாகச் சிரித்தாள்.

எங்கள் முறையில் முடி எடுத்தால் வேர்ப் பக்கத்தில் நூல் கட்ட வேண்டும். கட்டின முனை வேர். இருபது வருடமாகக் கை பழகிய விஷயம். இதைச் சொல்கிற குறிப்புத் தாள் இங்கிலீஷில் இருக்கிறது, வசந்திக்குத்தான் அனுப்பினேன். நர்ஸ் இவளிடம் "கட்டிக் கொண்டாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அம்மாக்காரி தினமும் கட்டுகிற மாதிரி கட்டியிருக்கிறாள். ரிப்பன் கட்டின முனையை வேர் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"ஒரு பத்து முடி மட்டும் வச்சுக்கவா?"

"எதுக்கு மேடம்?"

"ஒண்ணு சரிபார்க்கணும்."

கொடுத்தாள். நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 9, வியாழன்

தூங்கவில்லை. மழை பெய்ததாம், தெரியாது.

முடியை நீளவாக்கில் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து முன்னும் பின்னுமாக உருட்டினால் அது வேர்ப் பக்கமாகத்தான் நகரும். முடியின் மேல் செதில் உண்டு, நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும், அதனால். எம்.எஸ்ஸி. முதல் வருடம் விளையாட்டாகச் செய்தது. ஒரு நிமிட வேலை. மிஷின் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை.

பத்து முடி. ரிப்பன் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மையால் புள்ளி வைத்துவிட்டு உருட்டினேன். பத்தும் புள்ளிக்கு எதிர்ப்பக்கம் ஊர்ந்தன. மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தேன். அதேதான்.

ஆகஸ்டிலேயே கண்ணால் பார்த்தால் தெரிந்திருக்கும். மழித்து வளர்ந்த முடி, நுனியும் கூராக இல்லாமல் இரண்டு முனையும் மொட்டை, அதனால் தெரியவில்லை என்று ஒரு சாக்கு இருக்கிறது. வெளித்தூசி படிவதால் நுனியில் ஈயம் கூடத் தெரிவது எங்கும் உள்ளதுதான், அதனால் சந்தேகம் வரவில்லை என்று இன்னொரு சாக்கு. அசிஸ்டென்ட் முத்துராஜ் அன்றைக்கு லீவு. ஸ்லைடில் ஒட்டினது நான். அவன் தலையில் கட்டவும் வழியில்லை. வழி இருக்கிறதா என்று தேடினேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கம்ப்யூட்டரில் கோட்டைத் திருப்பினேன். ஒரு கிளிக். மலை இந்தப் பக்கம் வந்துவிட்டது. தாத்தா வீட்டில் இருந்த ஐந்து மாதமும் சமவெளி, ஈயம் ஊற்றின மாதம்கூட. அப்பா வீட்டுக்கு வந்த மாதத்திலிருந்து ஏற்றம். வெட்டின அன்றைக்குத்தான் உச்சம்.

அந்த வீட்டில்தான் வைத்திருங்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஆறு வாரம்.

எம்.டி.யிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்மா, அது நம்ம ரிப்போர்ட்டே கெடையாதே. டாக்டருக்கு செஞ்ச ஒத்தாச. நம்பர் கெடையாது, சீல் கெடையாது. நாம எதுக்குப் போயி தலையக் குடுக்கணும்? அடுத்த மாசம் ஆடிட் வேற வாரான்."

"பிள்ளை குணமானா அதே வீட்டுக்குத்தான் சார் போவா."

"டாக்டர் பாத்துக்கிடுவாவ. நீ பேசாம இரும்மா. ரெண்டு நாள் லீவு போடு, மொகமே சரியில்ல."

கெட்ட மனுஷர் இல்லை. நல்ல மனுஷராகவே இதைச் சொன்னார். அதுதான் எரிச்சல்.

சாளையைத் தூக்கிப் போட்டேன், வாடை.

அக்டோபர் 10, வெள்ளி

லீவு போட்டேன். வசந்தி வீட்டுக்குப் போனேன். போனில் சொல்ல முடியாது.

அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தேன். அடுப்பை அணைத்தாள். 

"போன வாரம் அவங்க தாத்தா வந்தாருடி. வார்டு வாசல்லயே நின்னாரு. உள்ள வாங்கய்யான்னு நான் கூப்பிட்டும் வரல."

அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. என் மேல் பாதி, அவள் மேலேயே பாதி. ரத்தம் ஒரு மாதத்தில் திரும்பப் பார்க்கச் சொல்லியிருந்தாளாம், குறைகிறது என்று ரிப்போர்ட் இருந்ததால் அவர்களும் வரவில்லை, இவளும் விரட்டவில்லை.

"பிழைப்பாளா?" கேட்டேன்.

"பிழைப்பா. ஊசி போட்டுட்டு இருக்கேன், ஈயம் இறங்கும். ஆனா மூளைல என்ன பண்ணிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. நேத்து அவ தம்பி பேரு கேட்டேன். தெரியல."

திருத்தின ரிப்போர்ட்டை வெள்ளைத் தாளில் எழுதினேன். லேப் பெயர் போடவில்லை. ஆகஸ்டில் கொடுத்தது தவறு, முடியைத் தலைகீழாக வைத்துவிட்டேன், ஈயம் ஏறியது அப்பா வீட்டில், புன்னைக்காயல் வீட்டில் அல்ல. கையெழுத்து. வசந்தி வாங்கி வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்"னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

ஆஸ்பத்திரி. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆரஞ்சு வாங்கினேன், வார்டு வாசலில் வெட்கமாகிப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஜெனி தூங்கினாள். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் காதுக்கு மேல் ஒட்ட வெட்டினது, இப்போது இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. அந்த இரண்டு சென்டிமீட்டரில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ரோஸ்லினை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். நேராகவே சொன்னேன். ரிப்பன் பற்றி முதலில் சொல்லவில்லை, அவள் மேல் பழி போடுகிற மாதிரி ஆகிவிடும். அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"ரிப்பனக் கீழ கட்டுனதாலயா?"

"இல்லம்மா. நான் பாக்காததால."

சுவரில் சாய்ந்தாள். "அப்போ எங்கப்பா?"

"அவர் மேல ஒண்ணும் இல்ல."

போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பான நம்பர். மூன்றாவது தடவை எடுத்தார்.

"அப்பா. நீங்க இல்லப்பா... ஈயம்ப்பா. நீங்க இல்லயாம்... ஆமா, லேப் மேடம் வந்து சொல்லுதாவ. நீங்க இல்லப்பா."

 அந்தப் பக்கம் பேசியது எனக்கே கேட்டது, கடற்கரைக்காரர் குரல், சத்தமாகத்தான் பேசுவார்கள். "சரிம்மா. பிள்ள ஏதும் சாப்பிட்டாளா?"

ரோஸ்லின் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க இங்கன நிக்காதீங்க. போயிருங்க."

போய்விட்டேன். ஆரஞ்சை பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாவிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. நாசரேத்திலிருந்து தங்கச்சி போன், சின்ன மகளுக்குப் பல் விழுந்துவிட்டதாம். அழுதேன். அவள் பயந்துவிட்டாள். பல்வலி என்று சொன்னேன், எனக்கு.

துணி துவைத்தேன். முழங்கால் பரவாயில்லை.

அக்டோபர் 13, திங்கள்

வேலைக்குப் போனேன். எம்.டி. ஒன்றும் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆர்கான் வந்தது. ஏ.சி. ஆள் வந்தான், பார்த்தான், "பைப்பு அடைச்சிருக்கு"னான், ஊதினான், போனான். இரண்டு மாதமாக இதற்கா பக்கெட்?

மாலை வசந்தி போன். ஊசி வேலை செய்கிறது, ரத்தத்தில் இறங்குகிறது. வலிப்பு இல்லை. பேச்சு குழறுகிறது. தம்பி பெயர் இன்னும் வரவில்லை.

அப்பா வீட்டில் பிள்ளைக்கு ஈயம் எதிலிருந்து ஏறியது என்று வசந்திக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தெளிந்ததிலிருந்து பிள்ளை ராத்திரி தூங்காமல் "அப்பா சாரம், அப்பா சாரம்" என்று அழுததாம், அப்பா உடுத்துகிற லுங்கி. நர்ஸ் விசாரித்திருக்கிறாள். செந்தில் கொட்டகையில் குளிப்பது உண்மைதான். ஆனால் வேலைக்கு உடுத்தின சாரத்தையே குளித்தபின் உதறி உடுத்திக்கொண்டு வருவானாம். வீட்டில் அவிழ்த்துப் போட்டால் ஜெனி அதைச் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொள்வாள். முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேதான் தூங்குவாளாம். புன்னைக்காயலுக்குப் போகுமுன் இந்தப் பழக்கம் கிடையாது. தம்பி பிறந்து, அப்பாவை விட்டு ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தபின் தொற்றியது.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு செந்தில் லேபுக்கு வந்தான். அவன் சொல்லித்தான் யாரென்று தெரியும். ஒல்லி, முப்பத்தைந்து இருக்கும், விரல் இடுக்கெல்லாம் சாம்பல் கறை. கையில் பாலிதீன் பை. அடிப்பான், ஏசுவான் என்று தயாராக நின்றேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன்.

பையை மேஜையில் வைத்தான். நீலக் கட்டம் போட்ட சாரம்.

"இதயும் சுட்டுப் பாத்துச் சொல்லிருங்க மேடம். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நான் கண்ணால பாக்கணும்."

முத்துராஜ் என்னைப் பார்த்தான். எம்.டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார், தடுக்கவில்லை. சாரத்தின் முனையிலிருந்து நகம் அளவு வெட்டினேன். நூல் பிரிந்து, பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த முனை. ஸ்லைடில் ஒட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரே ஒரு சூடுதான். கோடு திரைக்கு மேலே ஏறிப்போய், தாங்காமல் மிஷின் தானாக எண்ணுவதை நிறுத்திக்கொண்டது. சிவப்பு எழுத்து வந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"அளக்க முடியாத அளவு ஈயம்னு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.

"மொதல்ல எங்க வீட்ல இல்லன்னு சொன்னீயளே, அது மிஷின் தப்பா, உங்க தப்பா?"

"என் தப்பு."

"அப்போ இத நம்பலாம்."

"நம்பலாம்."

தலையை ஆட்டினான். என்னிடம் கோபமே இல்லை, அது தாங்கவில்லை எனக்கு. மன்னிச்சிருங்க என்றேன். அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. சாரத்தை நான்காக மடித்துப் பையில் வைக்கப்போனான், தூசி பறக்கும், வேண்டாம் என்று நானே வாங்கிக் கட்டினேன்.

"நல்லா கொதிக்க வச்சித் தொவச்சா குடுக்கலாமா மேடம்?"

"கூடாது."

"அது இல்லாம தூங்க மாட்டேங்கா. நாலு நாளாச்சி."

"வேற புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"குடுத்தேன். கொட்டகைக்குப் போறத சனிக்கிழமயே விட்டுட்டேன். புதுச் சாரம் வாங்கி ரெண்டு நாள் நானே உடுத்திருந்து, நேத்து குடுத்தேன்." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மோந்து பாத்தா. இது அப்பா இல்லன்னு கீழ போட்டுட்டா."